வெட்டி மேளம், கட்டற்ற மேளம்

'நாட்டுப்புறப் பாட்டுக்கு ஏதுங்க காப்புரிமை? அது மக்கள் சொத்து. எடுத்துப் பாடுங்க.' வீதி நாடகத்துக்கு இசை வேண்டும், கையில் காசில்லை என்று சொன்னால் நம்முடைய முற்போக்கு நண்பர்கள் தருகிற முதல் யோசனை இதுதான். இரண்டாவது யோசனை: 'நெட்டுல ஃப்ரீயா ஆயிரம் மியூசிக் கெடக்கு, எறக்கிக்கங்க.' மூன்றாவது கொஞ்சம் புரட்சிகரமானது: 'காப்புரிமைங்கிறதே முதலாளித்துவம் தோழர். எதை வேணும்னாலும் போடுங்க, எவன் கேக்குறான் பாப்போம்.' சொல்லிட்டுப் போயிர்றாய்ங்க. மாட்டிக்கொள்வது கம்பத்திலும் சின்னமனூரிலும் தேவாரத்திலும் இரவுப் பள்ளிப் பிள்ளைகளை வைத்து நாடகம் போடுகிற நாம்.

மூன்றையும் மறுக்க வேண்டியிருக்கிறது. முதல் யோசனையைத்தான் அதிகமாக. அது நம்மைப் புகழ்வது போலப் பேசி நம் மடியில் கை வைக்கிறது.

மக்கள் சொத்து என்கிறீர்களே, எந்த மக்கள்? ஊர்ப் பொதுக் கிணறு இருந்தது. பொது மயானம் இருந்தது. பொதுச் சாவடி இருந்தது. அந்தப் பொதுவில் நாம் இருந்தோமா? எதுவெல்லாம் ஊரின் பெருமையோ அதில் நாம் கிடையாது. நம்முடைய தப்பும் நம் பொம்பளைகளின் ஒப்பாரியும் மட்டும் திடீரென்று எல்லோருக்கும் பொது. இந்தப் பொதுவுடைமை நம் வீட்டு வாசலில் மட்டும் ஏன் தொடங்குகிறது?

எங்கள் பள்ளத்தாக்கில் இலவச இசை புதுச் சரக்கு இல்லை. ஊர்க்காரன் வீட்டில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து தப்பு போகவேண்டும். சாமி புறப்பட்டால் போகவேண்டும். ஊருக்குச் செய்தி சொல்ல தமுக்கு அடிக்கவேண்டும். கூலி என்று பேசி வாங்கியது கிடையாது. பழையது, கள்ளு, களத்தில் கூட்டி அள்ளிய நெல். இதற்குத் தமிழில் மிகப் பழைய பெயர் ஒன்று இருக்கிறது: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே கூலியில்லாக் கட்டாய வேலைக்கு வெட்டி என்றுதான் பெயர். அந்தச் சொல்லை நம் ஆட்களின் தலையில் பட்டமாகவே கட்டிவைத்தார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழகத்தில் பல சேரிகள் 'இனி அடிக்க மாட்டோம்' என்று தப்பைக் கீழே வைத்தன. அதற்காக அடி வாங்கின. 1989இல் போடியில் மூண்ட சாதிக் கலவரத்தை நினைவிருக்கிறவர்களுக்கு, இந்தப் பக்கம் சேரிக்காரன் 'மாட்டேன்' என்று சொல்வதன் விலை என்னவென்று தெரியும்.

ஆகவே 'இலவச இசை' என்றதும் என் காதில் விழுவது 'வெட்டி' என்றுதான். கணினித் துறையில் தமிழில் எழுதுகிற பிள்ளைகள் இன்னொரு சொல்லைப் புழங்குகிறார்கள்: கட்டற்ற. எனக்கு அது பிடித்திருக்கிறது. கட்டிவைத்து வாங்கினால் வெட்டி. கட்டை நாமே அவிழ்த்துக் கொடுத்தால் கட்டற்றது. வெட்டியில் கொடுக்கிறவனுக்கு 'மாட்டேன்' கிடையாது, பெயரும் கிடையாது. கட்டற்றதில் இரண்டும் உண்டு. நமக்கு வேண்டிய இசையை இந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்காமல் தேட முடியுமா என்பதுதான் என் கேள்வி.

வங்கியில் எனக்கு உத்தியோகம். கவுண்டருக்கு (கண்ணாடித் தடுப்பைச் சொல்கிறேன்) உள்பக்கம் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. கைநாட்டு வைக்க வருகிறவரிடம் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துக் காட்டுவதில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு சேரிக்கு வருகிற ஆய்வாளரும் படித்துக் காட்டுவதில்லை. கிழவி நாலு ஒப்பாரியும் ரெண்டு நடவுப் பாட்டும் பாடுவாள். டீ வாங்கிக் கொடுப்பார்கள். ஆய்வேடு வரும், தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கும், பாடியவள் பெயர் பின்னிணைப்பில் 'தகவலாளர்' என்ற பட்டியலில் வயது, சாதியோடு இருக்கும். தகவலாளராம்! போலீஸ் ஸ்டேஷனில் புழங்குகிற சொல் மாதிரி இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், இவர்கள் சொல்வது பாதிதான் உண்மை. கட்டியவர் யாரென்று தெரியாத பழைய மெட்டுக்கு 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் உரிமையாளர் இல்லை, சரி. ஆனால் அதைப் பாடிய குரலுக்கு உரிமை இருக்கிறது. நிகழ்த்துபவர் உரிமை என்று பெயர். பாடியதிலிருந்து 50 வருடம். 2012இல் சட்டத்தைத் திருத்தியபோது, பாடியவரின் பெயரைச் சொல்லியாக வேண்டும், பாடியதைச் சிதைத்து அவரைக் கேவலப்படுத்தக் கூடாது என்கிற தார்மீக உரிமையையும் சேர்த்தார்கள். ஆக, மெட்டு அநாதையாக இருக்கலாம். பாடிய கிழவி அநாதை இல்லை.

அடுத்த பாதியும் முக்கியம். அநாதை மெட்டை எடுத்து ஒருவர் வாத்தியம் சேர்த்துப் பதிவு செய்தால், அந்தச் சேர்மானமும் பதிவும் அவருக்குச் சொத்து. மெட்டு அப்போதும் சொத்தில்லை. நாம் நம் மெட்டை நம் தப்போடு பாடுவதை எவனும் தடுக்க முடியாது. சட்டத்தில் அப்படி. நடப்பில் என்ன ஆகிறது என்பதற்கு வருகிறேன்.

தேனியில் உட்கார்ந்துகொண்டு இசையும் உரிமையும் பற்றி எழுதிவிட்டு பண்ணைப்புரத்தைச் சுற்றிக்கொண்டு போக முடியாது. பாவலர் வரதராசன் சினிமா மெட்டிலும் நாட்டுப்புற மெட்டிலும் கட்சிப் பாட்டுக் கட்டி ஆர்மோனியத்தோடு மலையேறிய ஆள். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்க் கூலிகளிடம் அவர் பாடிய பாட்டுக்கு அந்த வெற்றியில் பங்கு உண்டு என்று கம்யூனிஸ்டுகளே சொன்னார்கள். அந்த மெட்டுகளுக்கு அவர் யாரிடம் அனுமதிச் சீட்டு வாங்கினார்? அவர் கட்டிய பாட்டை அடுத்த மேடையில் வேறு ஒருவன் பாடினால் நோட்டீஸ் விட்டாரா? அந்த அண்ணன் கூடவே பாடப் போன தம்பிதான் 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்து தமிழ்ச் சினிமாவின் காதைத் திருப்பினார். அவரேதான் 2017இல் எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கும் 2024இல் 'மஞ்சுமெல் பாய்ஸ்' படக்காரர்களுக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியவர்.

இதை வைத்து இளையராஜாவை வசைபாடும் கூட்டத்தில் நான் இல்லை. அந்த வசையில் பாதி எந்த வாயிலிருந்து ஏன் வருகிறது என்று நமக்குத் தெரியும். 1977இல் உச்சநீதிமன்றம், படத்துக்காக மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டால் எல்லாம் தயாரிப்பாளருக்கே என்கிற வகையில் தீர்ப்புச் சொன்னது. 2012 திருத்தத்துக்குப் பிறகுதான் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் பிடுங்க முடியாத பங்கு வந்தது. உழைத்தவன் கேட்கிறான். கேட்கட்டும், வாங்கட்டும். நான் கேட்பது வேறு. அந்த ஒலிப்பதிவுக் கூடங்களில் உறுமியும் பம்பையும் தப்பும் அடித்துவிட்டு அன்றைய கூலியோடு பஸ் ஏறியவர்கள் கணக்கு எந்த ஏட்டில் இருக்கிறது? தயாரிப்பாளரிடமிருந்து இசையமைப்பாளருக்கு வந்த உரிமை ஏன் அங்கேயே நின்றுபோனது?

இப்போது நம் ஏப்ரல் 14க்கு வருவோம். தெருவில் மேடை. டிக்கெட் இல்லை. நம் பிள்ளைகள் சினிமாப் பாட்டு மெட்டில் அம்பேத்கர் பாட்டுப் பாடுகிறார்கள். பிடித்துவிடுவார்களா? பயப்பட வேண்டாம். சட்டத்தின் 52ஆம் பிரிவு, தொழில்முறை அல்லாத மன்றங்கள் காசு வாங்காமல் நிகழ்த்துவதை மீறலாகக் கருதுவதில்லை. ஆனால் அந்தப் பிரிவை முழுக்கப் படியுங்கள். அதே மன்றம் டிக்கெட் போட்டு நடத்தி வருமானத்தை ஒரு மத நிறுவனத்துக்குக் கொடுத்தாலும் மீறல் இல்லை! இரவுப் பள்ளிக்குக் கொடுத்தால் மீறல். கோயில் சடங்குக்கு விலக்கு, அரசு விழாவுக்கு விலக்கு, கல்யாண ஊர்வலத்துக்கு விலக்கு. 2023 ஜூலையில் மத்திய அரசு தனி அறிவிப்பே விட்டது, கல்யாணத்தில் பாட்டுப் போட்டால் ராயல்டி கேட்காதே என்று. சாமிக்கு உண்டு, சர்க்காருக்கு உண்டு, மாப்பிள்ளைக்கு உண்டு. 20 ரூபாய் டிக்கெட் போட்டு, பிள்ளைகளுக்கு நோட்டு வாங்க நாடகம் நடத்துகிற சேரிக்கு இல்லை. மதச்சார்பற்ற நாட்டின் சட்டம் இது.

டிக்கெட் இல்லாவிட்டாலும் வேறொரு இடத்தில் கத்தி இருக்கிறது. நாடகத்தைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றுகிறோம். ஏற்றாமல் இருக்க முடியாது. சூரத்திலும் திருப்பூரிலும் இருக்கிற நம் பயல்கள் அதில்தான் பார்க்கிறார்கள். அங்கே 52ஆம் பிரிவைப் படிக்கிற ஆள் யாரும் இல்லை. ஒலியை ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்கிற எந்திரம்தான் இருக்கிறது. எங்கள் குழு 40 நிமிட நாடகம் ஒன்றை ஒரு தளத்தில் ஏற்றியது. பின்னணியில் ஒரு நிமிடம் சினிமாப் பாட்டு. அந்த இடம் ஊமையாகிவிட்டது. ஊமையான நிமிடத்தில்தான் தாய் மகன் பிணத்தின் மேல் விழுந்து பேசுகிற வசனம் இருந்தது. பாட்டோடு சேர்ந்து அதுவும் போச்சு. 'எவன் கேக்குறான்' என்ற புரட்சிகரத் தோழருக்கு இதுதான் பதில். கேட்கிறதுக்கு ஆளே வேண்டாம் தோழர். ஆள் வந்தாலாவது சண்டை போடலாம்.

இதைவிட மோசம் ஒன்று நடக்க வழி இருக்கிறது. நம் தெரு மெட்டை ஒருவன் பதிவு செய்து தன் பெயரில் எந்திரத்திடம் கொடுத்துவிட்டால், அடுத்த வருடம் அதை ஏற்றுகிற நம்மைத்தான் எந்திரம் திருடன் என்று சொல்லும்.

சரி, இணையத்திலேயே இலவசமாகக் கிடைப்பது? கிடைக்கிறது, உண்மைதான். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற அமைப்பு 2001இல் தொடங்கி 2002 கடைசியில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. எழுதியவரே முன்கூட்டி எழுத்தில் சொல்லிவிடுகிறார்: எடு, பயன்படுத்து, என் பெயரைச் சொல். கெவின் மெக்லியோட் என்ற அமெரிக்கர் இப்படி ஏராளமான இசைத் துண்டுகளைக் கொடுத்திருக்கிறார். ஃப்ரீ மியூசிக் ஆர்க்கைவ் என்று 2009இலிருந்து ஒரு களஞ்சியம் இருக்கிறது. திரை விலகுவதற்கு, காட்சி மாறுவதற்கு எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் மேடையில் பெயரைச் சொல்லுங்கள். நம் பெயரைச் சொல்லவில்லை என்று நூறு வருடமாகக் கத்துகிற நாம் இன்னொருத்தன் பெயரை விழுங்கக் கூடாது. ஆனால் மேலவளவைப் பற்றி நாடகம் போடுகிறோம். 1997இல் பஸ்ஸை மறித்து முருகேசனையும் கூட ஐந்து பேரையும் வெட்டிய அந்தக் காட்சிக்குப் பியானோவா வைப்பது? அந்தப் பியானோவில் நம் தெரு இல்லை. சினிமா பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து.

வயது முடிந்து பொதுவுக்கு வந்தவை இன்னொரு வழி. கணக்கு எனக்குத் தொழில், சொல்கிறேன். பாட்டுக்கும் மெட்டுக்கும் உரிமை, எழுதியவர் இறந்த வருடத்துக்குப் பிறகு 60 வருடம். ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்குப் பிறகு 60 வருடம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் இறந்தார். 2020 முதல் அவர் வரிகள் யாருக்கும் உண்டு. ஜி.ராமநாதன் 1963இல் இறந்தார். 2024 முதல் அவர் மெட்டுகளும். கண்ணதாசன் 1981, 2041 முடியும் வரை கை வைக்காதீர்கள். எம்.எஸ்.விஸ்வநாதன் 2015, 2075 வரை. ஒரு பாட்டில் வரி ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது என்பதை மறக்கக் கூடாது. அரசு ஒரு கவிஞரின் எழுத்தை நாட்டுடைமை ஆக்கினாலும், அவர் வரிக்குச் சினிமாவில் போட்ட மெட்டு அதில் வராது.

நாட்டுடைமை என்ற வழியே ஒரு பாட்டுச் சண்டையில் பிறந்ததுதான். பாரதி பாட்டுகளின் இசைத்தட்டு உரிமை ஏவி.எம். கையில் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தார்கள் என்று ஏவி.எம். வழக்குக்குப் போனது. நாடு முழுக்கப் பேச்சாகி, 1949இல் அரசே உரிமையை எடுத்து, பிறகு எல்லோருக்குமாகத் திறந்துவிட்டது. அக்கிரகாரத்தில் பிறந்த கவிஞனின் பாட்டை விடுவிக்க ஒரு சர்க்கார் முன்வந்தது. நல்லது. நம் கிழவியின் பாட்டுக்கு எந்த சர்க்கார் வரும்? வராது. நாமேதான் செய்தாக வேண்டும்.

செய்தவர்களும் இருக்கிறார்கள். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா'வை கே.ஏ.குணசேகரன் பாடப் பாட, அது சேரிக்குச் சேரி போனது. சீட்டு வாங்கிப் பாடியவர் எவரையும் நான் பார்த்ததில்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த பரட்டை தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே, படிக்காதவனும் எடுத்துப் பாடுவான், தனக்கேற்ப மாற்றிக்கொள்வான் என்பதுதான். 2005இல் அவர் போனபின்னும் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. திண்டுக்கல் சக்தி குழுப் பெண்கள், பொம்பளை தொடக்கூடாது என்றிருந்த பறையைத் தோளில் மாட்டி ஆடிக் காட்டினார்கள். இந்த இயக்கத்தின் இசை கட்டற்றதாகத்தான் பிறந்தது. குறை ஒன்றுதான்: எழுத்தில் இல்லை. இன்குலாப்பும் குணசேகரனும் 2016இல் இறந்தார்கள். சட்டக் கணக்குப்படி இன்குலாப்பின் வரிகளுக்கு 2076 வரை பூட்டு. கூட இருந்தவர்களுக்கு அவர் மனசு தெரியும். நாற்பது வருடம் கழித்து வருகிற வக்கீலுக்குத் தெரியுமா?

வாய்ச்சொல் போதாது என்பதற்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் கதையை அறிவு அதில் பாடினார். ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற நம் சனத்துக்கு அது சொந்தக் கதை. அதே வருடம் ஒரு இசைப் பத்திரிகையின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு ஒலித்தது, அறிவு இல்லை. யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார் என்று பகிரங்கமாகவே தகராறு நடந்தது. 2024 மார்ச்சில் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனே, மூன்று வருடமாக யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்றார். உலகமே பாடிய பாட்டுக்கு இந்தக் கதி. யார் சொன்னது சரி என்று பஞ்சாயத்துச் செய்ய நான் வரவில்லை. தாளில் என்ன இருந்தது, யார் கையில் அந்தத் தாள் இருந்தது என்பதே என் கவலை.

ஆகவே தாள். நம் தெருப் பாட்டுகளை நாமே பதிவு செய்து, நாமே உரிமம் எழுதி வெளியிடவேண்டும். ஸ்டூடியோ வேண்டாம். நல்ல போன் ஒன்று, காற்று மறைக்கத் துணி, ஆலை மெஷின் ஓடாத நேரம். தப்பின் வாரைத் தீயில் காய்ச்சி ஏற்றிய சூட்டிலேயே பதிவு செய்துவிடுங்கள், ஆறினால் சத்தம் செத்துப்போகும். தமிழ்ப் புத்தகங்களை ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தோழர்கள் இப்படிக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுக் காட்டியிருக்கிறார்கள். புத்தகத்துக்கு முடிந்தது பாட்டுக்கு முடியாதா?

எந்த உரிமம் என்பதில் எனக்கும் நண்பர்களுக்கும் சண்டை. 'வணிகத்துக்குக் கூடாது' என்ற உரிமத்தைப் போடுவோம் என்கிறார்கள். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் 20 ரூபாய் டிக்கெட் போடுகிற நம்ம உசிலம்பட்டிக் குழுவும் வணிகம் என்ற வலையில் விழுந்துவிடுமே? நான் சொல்வது: 'பெயர் சொல், அதே உரிமத்தில் பகிர்' என்ற உரிமம், 4.0 பதிப்பு. யாரும் பாடலாம், மாற்றலாம், டிக்கெட்டும் போடலாம். ஆனால் மாற்றி வெளியிட்டால் அதையும் இதே போலத் திறந்துவிடவேண்டும். படக் காட்சியோடு இசையைச் சேர்ப்பதும் அந்த உரிமத்தில் மாற்றம்தான். சினிமாக்காரன் எடுத்தால் தன் படத்தையே ஊருக்குத் திறந்துவிட வேண்டிவரும். திறப்பானா? மாட்டான். தனி அனுமதி கேட்டுச் சேரிக்கு வருவான். அப்போது பேசிக்கொள்ளலாம், காசை.

கொடுத்த உரிமத்தைத் திரும்ப வாங்க முடியாது. இதைப் பாடுகிறவருக்கு முதலிலேயே சொல்லவேண்டும், அவர் பேச்சில். செத்த பிள்ளைக்குப் பாடிய ஒப்பாரியைத் தரமாட்டேன் என்றால் விட்டுவிடவேண்டும். நூறு பாட்டில் பத்துதான் வரும் என்றால் பத்து போதும். பதிவன்றைக்கு அரை நாள் களையெடுப்பு போகிறதே, அந்தக் கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் போனைத் தொடவேண்டும். உரிமம் பாட்டுக்கு. கூலி உழைப்புக்கு. நாடகத்துக்குத் தப்படிக்க வருகிறவருக்கும் 'நம்ம இயக்கம்தானே' என்று பஸ் காசோடு நிறுத்துகிற பழக்கத்தை விடுங்கள். அது வேறு பெயரில் வெட்டி.

தாளில் ஒரு தகராறு வரும் என்று இப்போதே தெரிகிறது. தெருவுக்கே சொந்தமான பாட்டுக்கு யார் கையெழுத்து? சட்டத்துக்குத் தெரு என்று ஒரு ஆள் கிடையாது, பெயர் வேண்டும். நம் குழுக்களில் பேனா யார் சட்டைப் பையில் இருக்கிறது என்று பாருங்கள். தப்பு ஆம்பளை கையில் இருக்கலாம். நடவு, ஒப்பாரி, தாலாட்டு மூன்றும் பொம்பளை வாயில் வளர்ந்தது. தொகுத்தவர், ஒருங்கிணைத்தவர், குழுத் தலைவர் என்று நம் ஆளே முதல் வரியில் ஏறி உட்காருவார், கிழவி மறுபடியும் பின்னிணைப்புக்குப் போவாள். படிவம் ஒன்று தமிழில் எழுதிவைத்திருக்கிறேன், ஒரு பக்கம்தான். முதல் வரியில் பாடியவர் பெயர், ஊர். அடுத்து, படித்துக் காட்டியவர் பெயர். அடுத்து, கொடுத்த கூலி எவ்வளவு. குழுத் தலைவருக்கு அடியில் சாட்சிக் கையெழுத்துப் போட ஒரு கோடு விட்டிருக்கிறேன்.